காப்புச் சோடியோடு வைத்த பாஸ்போர்ட்

அன்றைக்கு ஆற்றங்கரையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் வீட்டுக்காரர், ஓட்டோ ஓடுகிற என் கொழுந்தன், எங்கட மாதர் சங்கத் தலைவி அக்கா, என் மகளையும் சேர்த்துப் பதினாலு பிள்ளைகள், அவர்களுக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்த ஹொலண்ட் நாட்டுப் பொம்பிளைப் பிள்ளை. பிறகு வேனில் வந்து இறங்கியவர்கள் மூன்று பேர்: வயது போன ஒரு அதிகாரி ஐயா, இளவயதில் ஒரு மிஸ், ட்ரைவர்.

ஒருத்தரையும் விடாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு என்னிடம் எழுதி எடுத்த வாக்குமூலத்தில் முதல் கேள்வியே அங்கே யார் யார் நின்றார்கள் என்பதுதான். பயத்தில் நான் சொந்த மகளை விட்டுவிட்டேன். வெட்டித் திருத்தி எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்த நாளை எப்போது நினைத்தாலும் முதலில் ஆட்களை எண்ணிப் பார்ப்பேன்.

நடந்தது போன வருசம் ஓகஸ்ட் விடுமுறையில், காலை ஒன்பது மணி போல. இடம் செட்டிபாளையம், எங்கட வீட்டுக்குப் பின்பக்கம், மட்டக்களப்பு வாவிக் கரை. வாவி என்பது புத்தகத்தில். எங்களுக்கு அது ஆறுதான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எல்லாவற்றுக்கும் பயம். மழை பெய்தால் வெள்ளம் வரும் என்று பயம், பெய்யாவிட்டால் கிணறு வற்றும் என்று பயம். போன் அடித்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நெஞ்சு பதறும். ஒரு நாள் முழுக்க அடிக்காவிட்டால், ஆகிவிட்டதை மறைக்கிறார்கள் என்று பதறும். என் வீட்டுக்காரர் ஆற்றில் இறாலுக்கு வலை போடுகிறவர். "இவளுக்குப் பயமில்லாத ஒரே சாமான் சோறு. அதையும் கல்லுக் கிடக்குதோ எண்டு கிளறிப் பார்த்துத்தான் தின்னுவாள்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒன்றுக்கு மட்டும் அவர் சிரிப்பதில்லை. விசா, பாஸ்போர்ட் என்ற பேச்சு வந்தாலே எனக்குக் கை குளிர்ந்துவிடும். பத்தொன்பது வயதில் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனேன். போய் இறங்கிய அன்றே அந்த வீட்டு மேடம் என் பாஸ்போர்ட்டை வாங்கி, மேசையின் இழுக்கிற லாச்சியில் போட்டுப் பூட்டினா. அந்தப் பூட்டின் திறப்பு எப்போதும் அவவின் கையில் ஒரு வளையத்தில் கிடக்கும். ஏழு மாதம் ஒரு சதம் சம்பளம் தரவில்லை. கேட்டால் லாச்சியைக் காட்டுவா. கடைசியில் உடுத்த உடுப்போடு ஓடினேன், பிடிபட்டேன், நாற்பது நாள் தடுப்பில் கிடந்துதான் ஊருக்கு வந்தேன். அந்த நாற்பது நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுத உட்கார்ந்தால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

சரி, அந்த ஹொலண்ட் பிள்ளைக்கு வருகிறேன்.

ஜூலை மாதம் ஒரு பின்னேரம் வாடகைச் சைக்கிளில் வந்தது. வயது இருபத்தைந்து இருக்கும். பாசிக்குடாவில் கடல் பார்க்க வந்து, அப்படியே ஆற்றோரமாக மிதித்துக்கொண்டு வந்ததாம். அதனுடைய ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதுதான் தொழில். எங்கட பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் குதிப்பதைப் பார்த்து, "இவங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்டது. ஒருத்தருக்கும் தெரியாது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கும் தெரியாது. முந்தின வருசம் எங்கட ஒழுங்கையில் ஒரு பிள்ளையை ஆறு கொண்டுபோயிருந்தது. தலைவி அக்கா அதைக் கையால் காலால் காட்டிச் சொல்ல, ஹொலண்ட் பிள்ளை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டு நாளில் பையோடு திரும்பி வந்தது. எங்கட வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது. சாப்பாட்டோடு மாதம் முப்பதாயிரம் என்று பேசி, முன்காசாகவே தந்தது. பிள்ளைகளுக்குப் பழக்குவதற்குத் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றது. நான் ஏழு மாதம் சம்பளமில்லாமல் அழுதழுது வேலை செய்தவள். ஒரு மனுசி சிரித்துக்கொண்டே சம்பளம் வேண்டாம் என்று சொல்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் பழைய வலையைக் கம்பு நட்டுக் கட்டி, ஒரு கொட்டில் அளவு தண்ணீரை வளைத்துக் கொடுத்தார், முதலை வராமல். எண்ணெய்க் கான்களை மூடி இறுக்கிப் பிள்ளைகளின் முதுகில் கட்டினோம். நான் கரையில் நின்று முதலை வருகிறதா என்று பார்க்கிற உத்தியோகம். மரக்கட்டை மிதந்து வந்தாலும் கத்துவேன். பிள்ளைகள் எனக்கு "சைரன் மாமி" என்று பெயர் வைத்தார்கள்.

பாஸ்போர்ட் விசயம் நடந்தது அந்தப் பிள்ளை அறைக்கு வந்த இரண்டாம் நாள். பாஸ்போர்ட் அறை மேசையில் சும்மா கிடந்தது, பக்கத்தில் யன்னலும் திறந்தபடி. யாராவது எடுத்துவிட்டால்? அது இல்லாமல் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "தா, நான் பத்திரமா வைக்கிறன்" என்று கை நீட்டினேன். பிள்ளை என் கையைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது. கொஞ்சம் சுணங்கித்தான் தந்தது. அந்தச் சுணக்கம் அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை. மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த தங்கக் காப்புச் சோடியைச் சுற்றியிருந்த துணிக்குள்ளேயே பாஸ்போர்ட்டையும் வைத்து முடிந்து, அலுமாரி லாச்சியில் போட்டுப் பூட்டினேன். திறப்பு தொலைந்துவிடும் என்ற பயத்தில் அதைத் தாலிக்கொடியிலேயே கோர்த்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் பதினாலு பிள்ளைகளும் மல்லாந்து மிதந்தார்கள். ஆறு பேர் வலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தினார்கள். அதைக் கண்டு எங்கட சனத்துக்குக் கை சும்மா இருக்குமா? பாராட்டு விழா வைக்க வேண்டும் என்று தலைவி அக்கா முடிவெடுத்தா. பொன்னாடைக்குச் சொல்லியாச்சு. கொழுந்தன் ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்தான். கதவளவு பெரிசு. நடுவில் பிள்ளையின் முகம், சுற்றிவரத் தாமரைப் பூ, மூலைக்கு மூலை இரண்டு நாட்டுக் கொடி. "எமது சிறார்களுக்கு ஒரு சதமேனும் பெறாது நீச்சல் ஆசிரியையாகப் பணிபுரியும் அன்புத் தங்கையே, வருக!"

அதில் "ஒரு சதமேனும் பெறாது" என்பது நான் சேர்த்தது. சங்கத்துக் காசை எடுத்து வெள்ளைக்காரிக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று யாராவது கதை கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில், அதைப் போடாமல் அடிக்க வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கல்முனைக்குப் போகிற பெரிய வீதிச் சந்தியில், கண் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி அதைக் கட்டினார்கள்.

பேனர் கட்டின மூன்றாம் நாள்தான் நான் சொல்ல வந்த நாள்.

அன்று காலை பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து என்னைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டார்கள். "சைரன் மாமியும் மிதக்கோணும்" என்று ஒரே கூச்சல். உடுப்போடு இறங்கினேன். அந்தப் பிள்ளை என் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "பயம் வேண்டாம், அக்கா" என்றது. அதற்குத் தெரிந்த தமிழில் நல்லாகச் சொல்லும் வசனம் அது ஒன்றுதான், எனக்கே நூறு தரம் சொல்லியிருக்கும். தலையைச் சாய்த்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள் போனது. உலகத்துச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. மேலே வானம். அந்தக் கை மெதுவாக விலகியது. நான் தாழவில்லை! என் வாழ்க்கையில் பயமென்பதே இல்லாமல் நான் இருந்த நேரம் அதுதான், ஒரு நிமிசம்கூட இருக்காது.

என்னை மிதக்கவிட்டு எடுத்த கை என்று நினைத்தேன். அப்படியில்லை. கரையில் வேன் வந்து நின்றதைக் கண்டுதான் அந்தப் பிள்ளை கையை எடுத்திருக்கிறது. எனக்குத்தான் காது தண்ணீருக்குள்.

எழும்பிப் பார்த்தால் எல்லாரும் கரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். வெள்ளை வேன். சண்டைக் காலத்தில் எங்கட பக்கத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது வெள்ளை வேன்தான், போனவர்கள் திரும்பவில்லை. ஒரு மாதமாக முதலைக்குக் காவல் நின்றவள் நான். அது தரையால் வரும் என்று யார் கண்டது?

வந்தவர்கள் குடிவரவுப் பகுதி அதிகாரிகள். ஐயாவுக்குச் சிங்களம் மட்டும். மிஸ் நல்ல தமிழ் பேசினா. சத்தம் போடவில்லை, ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இவங்க இங்க என்ன வேலை செய்றாங்க?"

"வேலை ஒண்டும் இல்ல மிஸ், சும்மாதான் நிக்கிறாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

மிஸ் போனை எடுத்துக் காட்டினா. எங்கட பேனர். வீதியில் போகும்போது வேனை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். "பணிபுரியும் எண்டு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

நான் முன்னுக்குப் போனேன். என்னுடைய சொல் எங்களைக் காப்பாற்றும் என்று நம்பிப் போனேன். "மிஸ், அதுக்கு முன்னால பாருங்க. ஒரு சதமும் வாங்கல்ல."

"காசு வாங்கினாலும் வாங்காட்டியும் வேலை வேலைதான், அக்கா. இவங்க வந்திரிக்கிறது சுத்திப் பார்க்கிற விசாவில. தொண்டு செய்யிறதெண்டா அதுக்கு வேற விசா. பதிஞ்ச நிறுவனம் ஒண்டு முன்கூட்டியே கேட்டு எடுக்கணும்."

சம்பளம் இல்லாவிட்டால் அது வேலையே இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். நன்மை செய்ய வருகிறவருக்கும் அனுமதி வேண்டுமென்று யாருக்குத் தெரியும்?

தலைவி அக்கா கைப்பையைத் திறந்தா. எங்கே போனாலும் சங்கத்து ரப்பர் சீலைக் கொண்டுதான் போவா. "மிஸ், எங்கட சங்கமும் பதிஞ்சதுதான். பிரதேச செயலகத்தில பதிவு இரிக்கு. இப்பவே ஒரு கடிதம் எழுதி சீல் குத்தித் தரவா?" மையும் கையில் வைத்திருந்தா. மிஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டா. அந்தப் பதிவு வேறயாம், இது வேறயாம்.

இதற்கிடையில் கொழுந்தன் மெல்ல ஓட்டோவை எடுத்தான். பத்து நிமிசத்தில் பேனரைக் கழற்றிச் சுருட்டி, ஓட்டோவுக்குள் ஒளித்துக்கொண்டு வந்துவிட்டான். சுருட்டின சுருளின் அடியில் பிள்ளையின் ஒரு கண் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க இவங்களுக்கு எப்பவாவது காசு குடுத்தீங்களா? ஒரு ரூபாயாவது?" என்று மிஸ் என்னைக் கேட்டா.

"இல்ல மிஸ். அவதான் எனக்குத் தந்தது. அறைக்கும் சாப்பாட்டுக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க குடுத்திருந்தா இந்தக் கதை வேற மாதிரிப் போகும்."

மகள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். மிஸ் எழுதிக்கொண்டா. பிறகு பிள்ளையிடம் இங்கிலிசில் ஏதோ கேட்டா. பிள்ளை என்னைப் பார்த்தது. எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலிசில் ஒரு சொல் மட்டும் விளங்கியது. பாஸ்போர்ட்.

ஈர உடுப்போடு வீட்டுக்குள் போனேன். மிஸ்ஸும் பின்னால் வந்தா. தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது. அலுமாரிக்கு முன்னால் நின்று, சட்டைக்குள்ளே கையை விட்டுத் தாலிக்கொடியை இழுத்தேன். நனைந்த கொடியிலிருந்து திறப்பைக் கழற்ற வரவில்லை. குனிந்து, கழுத்தில் கிடந்தபடியே திறப்பைப் போட்டுத் திருப்பினேன். முதல் தரம் திரும்பவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மிஸ்ஸின் கண் என் பிடரியில் குத்திக்கொண்டிருந்தது.

துணி முடிச்சை அவிழ்த்தேன். காப்புச் சோடி. அதற்குக் கீழே பாஸ்போர்ட்.

"அவங்கட பாஸ்போர்ட்டை ஏன் நீங்க பூட்டி வைச்சிரிக்கீங்க?" மிஸ்ஸின் குரல் இப்போதுதான் மாறியது. "இன்னொருத்தர்ட பாஸ்போர்ட்டை எடுத்து வைச்சிக்கிறது எவ்வளவு பெரிய குற்றம், தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? லாச்சி. பூட்டு. உடம்போடு ஒட்டின திறப்பு. சம்பளமில்லாமல் வேலை செய்கிற ஒரு வேற்று நாட்டுப் பெண். அந்த மேடத்தின் வீட்டு அறையில் எது எது இருந்ததோ அது எல்லாம் என் வீட்டு அறையில் இருந்தது. ஆள் மட்டும்தான் மாறி நின்றது. பத்திரம் என்று நினைத்துச் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மேடமும் இதைத்தான் சொன்னா, "உன் நன்மைக்குத்தான்" என்று. வாய் மூடிக்கொண்டது.

மிஸ் பாஸ்போர்ட்டை எடுத்தா. காப்புச் சோடியைத் தொடவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தா.

பிறகு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, ஆற்றோரம் பூவரச மரத்துக்குக் கீழே நிற்க வைத்துப் பேசினா. எங்களை எட்ட நிற்கச் சொன்னார்கள். பத்து நிமிசம் இருக்கும். அந்தப் பத்து நிமிசம் தடுப்பில் கிடந்த நாற்பது நாளையும்விட நீளம். பாஸ்போர்ட்டைக் கட்டாயப்படுத்தி வாங்கினாவா என்றுதான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளையின் வாய் அசைவதைப் பார்க்கிறேன். கை அசைவதைப் பார்க்கிறேன். ஒரு தரம் என் பக்கம் கை நீட்டியது. அது ஒரு சொல் மாற்றிச் சொன்னால் வேனில் ஏறுவது நான். மகள் என் ஈரப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு யார் தலை இழுப்பார்கள், யார் சோறு போடுவார்கள் என்று ஓடுகிறது மனம். இன்னொரு பக்கம், என்னை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையை ஏற்றினால்? நாற்பது நாள் அது கிடக்க வேண்டி வந்தால்? எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பகிடி விடாமல் நின்றது எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

திரும்பி வந்த மிஸ் பாஸ்போர்ட்டை நேரே பிள்ளையின் கையில் கொடுத்தா. "இது இனி இவங்கட கையிலதான் இரிக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. பிள்ளைக்கு மூன்று நாளைக்குள் கொழும்புக் குடிவரவுக் கந்தோரில் போய் நிற்கச் சொல்லி ஒரு கடிதம். அதுவரை பழக்குவது நிற்பாட்ட வேண்டும். என்னிடமும் ஒரு வாக்குமூலம் எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டபோது என் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டது, அதையும் திருத்தினார்கள். வேன் போனது. உள்ளே யாரையும் ஏற்றவில்லை.

வேன் போன பிறகு தேத்தண்ணி போட்டுக் குடித்தோம். கொழுந்தன்தான் மெதுவாகக் கேட்டான்: "ஏன் மச்சாள், அந்தக் காலத்தில இந்தப் புள்ளட ஊர் ஒல்லாந்துக்காரன் வந்து டவுணில கோட்டையைப் பிடிச்சானே, அவன் எந்த விசாவில வந்தவனாம்?" அடக்க முடியாமல் தலைவி அக்கா சிரித்துத் தேத்தண்ணி புரையேறியது. பிள்ளை என்ன என்று கேட்க, போனில் போட்டுக் காட்டினோம். வாசித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கியது. பாராட்டு விழாவுக்கு வாங்கின பொன்னாடையைத் தலைவி அக்கா அங்கேயே அதன் தோளில் போட்டுவிட்டா.

மூன்றாம் நாள் காலை ரயிலுக்கு மட்டக்களப்பு ஸ்டேசனுக்கு நானும் போனேன். கேட்காமல் விட்டால் ஆயுளுக்கும் யோசித்துக்கொண்டிருப்பேன் என்று தெரிந்து, அந்த மரத்துக்குக் கீழே என்ன சொன்னாய் என்று கேட்டேன். பிள்ளை போனில் எழுதியது. போன் அதை நியூஸ் வாசிக்கிற தமிழில் வாசித்தது.

"தங்க வளையல்களுடன் என் கடவுச்சீட்டை வைத்தார் என்று கூறினேன். அவர் மதிப்புள்ளதை அங்கேதான் வைப்பார் என்று கூறினேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிள்ளை திரும்பவும் எழுதியது. எழுதி அழித்தது. திரும்ப எழுதியது.

"ஆனால் முதல் வாரம் நான் உங்களைக் கண்டு அஞ்சினேன். நீங்கள் சாவியைக் கழுத்தில் அணிந்திருந்தீர்கள்."

"ஏன் புள்ள என்னட்டக் கேக்கல்ல?"

அதற்குப் போனில் எழுதவில்லை. தானே தமிழில் சொன்னது: "வெட்கம், அக்கா." கொஞ்சம் பொறுத்து, "பிறகு காப்பு பார்த்தேன். பயம் போச்சு."

ஒரு நாள் நான் காப்பைத் துடைத்துத் திரும்ப முடிந்து வைத்ததை அது கதவடியில் நின்று கண்டிருக்கிறது. காணாமல் இருந்திருந்தால்? ஒரு கிழமை என் வீட்டில், என் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டே, ஒரு பிள்ளை எனக்குப் பயந்திருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்தவள் நான். என்னைக் கண்டும் ஒரு மனுசப் பிறவி பயப்படும் என்பது நாற்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது.

கொழும்பில் பிள்ளையைத் தடுத்து வைக்கவில்லை. ஒரு கிழமைக்குள் வெளிக்கிடச் சொல்லி, அடுத்த முறை முறையான விசா எடுத்துக்கொண்டு வரச் சொல்லி விட்டார்களாம். அது விமானம் ஏறின பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. இப்போது அங்கேயிருந்து, இங்கே பதிவுள்ள ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக விண்ணப்பம் போட்டிருக்கிறது. கடிதம் கடிதமாகப் போய் வருகிறது, இன்னும் சரிவரவில்லை. பிள்ளைகள் மறக்கவில்லை. பெரியவர்கள் சின்னவர்களுக்கு முதுகுக்குக் கீழே கை வைத்து, "பயம் வேண்டாம், அக்கா" என்று பழக்குகிறார்கள், ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் அதே "அக்கா"தான். பேனர் எங்கட கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது. வெயிலுக்கு எழுத்தெல்லாம் மங்கிப்போனது. "ஒரு சதமேனும் பெறாது" மட்டும் இன்னும் வாசிக்கலாம்.

ஒரு விசயம் மட்டும் முடியாமல் கிடக்கிறது. பிள்ளை இரண்டாம் மாதத்து முப்பதாயிரத்தையும் முன்காசாகத் தந்திருந்தது. அந்த மாதத்தில் இருந்தது பதின்மூன்று நாள். மிச்சக் காசை ஸ்டேசனுக்குக் கொண்டுபோனேன், சேலைத் தலைப்பில் முடிந்து. கொடுக்கக் கை நீட்டும்போது மிஸ்ஸின் குரல் காதுக்குள் கேட்டது, ஒரு ரூபாயாவது குடுத்தீங்களா என்று. சுற்றிவர ஆட்கள். யாராவது பார்த்து, சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால்? நீட்டின கையை அப்படியே இழுத்துக்கொண்டேன். ரயில் போய்விட்டது. வங்கியால் அனுப்பலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அனுப்பினால் அதற்கும் ஒரு துண்டு, ஒரு பதிவு. அதனால் அதன் விசா கெட்டுப்போனால்?

அதனால் காசு அந்த லாச்சியில்தான் கிடக்கிறது, காப்புச் சோடி இருக்கிற அதே துணிக்குள். லாச்சியை நான் இப்போது பூட்டுவதில்லை, திறப்பைக் கழுத்தில் போடுவதுமில்லை. களவு போய்விடுமோ என்று ஒவ்வொரு நாளும் பயம்தான், ஆனால் அந்தப் பயம் என்னோடு மட்டும் இருக்கட்டும், இன்னொரு ஆளைப் போய்ப் பிடிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை சரியான விசாவில் வந்து என் வாசலில் நிற்கிற நாளில் அதன் கையில் எண்ணி வைப்பேன், நான் இன்னும் குடுக்க வேண்டியிருக்கிற பதினேழாயிரம் ரூபாயை.